விமானிகள் ஓஃப் நாளை மாற்றிக்கொள்வது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுநாயக்க விமான நிலையத்தைத் தளமாகக் கொண்டு பறக்கும் தமிழ் விமானிகளுக்காகவும், "ரோஸ்டரில ஓஃப் எண்டுதானே போட்டிருக்கு, அதை ரெண்டு நாள் தள்ள ஏலாதா?" என்று கேட்கும் வீட்டாருக்காகவும் இந்தப் பக்கம். ரோஸ்டர் என்பது விமானிகளின் கடமை அட்டவணை. ஓஃப் மாற்றக் கேட்டு மறுக்கப்படும்போது பெரும்பாலும் சிக்கல் கேட்ட நாளில் இருப்பதில்லை. அதற்கு முந்திய கிழமையிலோ பிந்திய இரவிலோதான் இருக்கும்.

எந்த விதி என்னைக் கட்டுப்படுத்தும்?

இலங்கையில் இந்த விடயம் சிவில் விமானசேவைகள் அதிகாரசபையின் கையில் இருக்கிறது. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. அடித்தளம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 6ஆம் இணைப்பு. ஆனால் அன்றாடம் உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் நிறுவனத்தின் செயற்பாட்டுக் கைந்நூல், பகுதி ஏ. பறப்பு நேர வரையறைகள் பெரும்பாலும் அதன் 7ஆம் அத்தியாயத்தில் இருக்கும். கீழே வரும் கணக்குகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைக் கொண்டு போடப்பட்டவை. பல நாடுகள் அவற்றை முன்மாதிரியாகக் கொள்கின்றன. கணக்குப் போடும் முறையை இங்கே பாருங்கள். எண்ணை உங்கள் கைந்நூலிலிருந்து எடுத்துப் பொருத்துங்கள்.

இதற்கு மேலே தொழிற்சங்க ஒப்பந்தமும் இருக்கும். மாதத்துக்கு எத்தனை ஓஃப், எத்தனை நாளுக்கு முன் அறிவிப்பு என்பவற்றைப் பல இடங்களில் ஒப்பந்தம் சட்டத்தை விடத் தாராளமாகச் சொல்லும். இரண்டில் எது கடினமோ அதுவே செல்லும்.

ஓஃப் நாளும் ஓய்வும் ஒன்றா?

இல்லை. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. ரோஸ்டரில் "ஓஃப்" என்று ஒரே மாதிரித் தெரியும் கட்டங்களுக்குள் மூன்று வேறு சரக்குகள் இருக்கலாம்.

முதலாவது, இரண்டு கடமைகளுக்கு இடையிலான சாதாரண ஓய்வு. சொந்தத் தளத்தில் குறைந்தது 12 மணித்தியாலம், அல்லது முந்திய கடமை எவ்வளவு நீண்டதோ அவ்வளவு. எது கூடவோ அது. வெளித் தளத்தில் 12க்குப் பதில் 10, அதற்குள் 8 மணித்தியாலம் தூங்க வாய்ப்பு.

இரண்டாவது, நீள் ஓய்வு. தொடர்ந்து 36 மணித்தியாலம், அதற்குள் இரண்டு உள்ளூர் இரவுகள். ஒரு நீள் ஓய்வு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கிடையில் 168 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது. மாதத்தில் இரண்டு தடவை இது இரண்டு முழு நாளாக, அதாவது நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடியும் நாட்களாக, நீள வேண்டும்.

மூன்றாவது, எண்ணிக்கை ஓஃப். ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டின் 79ஆம் இலக்கப் பணிப்புரைப்படி மாதத்துக்குக் குறைந்தது 7 நாள், வருடத்துக்கு 96 நாள். ஓய்வு நேரங்களையும் இந்த எண்ணிக்கைக்குள் சேர்க்கலாம். அதனால் ஒரே சனிக்கிழமை நீள் ஓய்வாகவும் இருக்கும், எண்ணிக்கை ஓஃபாகவும் இருக்கும்.

மாற்றிக்கொள்ளக்கூடியது, நீள் ஓய்வின் வேலையைச் செய்யாத ஓஃப் மட்டுமே. ரோஸ்டர் மென்பொருள் இந்த வேறுபாட்டை நிறத்தில் காட்டாது. நீங்களேதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உள்ளூர் இரவு என்றால் என்ன? 50 மணித்தியாலத்துக்கு மேல் ஓய்வு இருந்தும் ஏன் போதாது என்கிறார்கள்?

இரவு 22:00க்கும் காலை 08:00க்கும் இடையில் தொடர்ந்து 8 மணித்தியாலம் கிடைத்தால் அது ஓர் உள்ளூர் இரவு. 7 மணி 50 நிமிடம் கிடைத்தால் அது இரவே அல்ல. பாதி இரவு என்ற கணக்கு இல்லை.

ஓர் உதாரணம். திங்கள் இரவு சென்னையிலிருந்து திரும்பி, பறப்புக்குப் பிந்திய வேலை முடிந்து, கடமை செவ்வாய் 00:10க்கு நிறைவடைகிறது. அடுத்த ரிப்போர்ட், அதாவது கடமைக்கு வந்து பதியும் நேரம், வியாழன் 05:00. இடையில் 52 மணி 50 நிமிடம். பார்த்தால் தாராளம். இனி இரவுகளை எண்ணுங்கள். திங்கள் இரவு: 00:10 முதல் 08:00 வரை 7 மணி 50 நிமிடம், தள்ளுபடி. செவ்வாய் இரவு: சரி. புதன் இரவு: 22:00 முதல் 05:00 வரை 7 மணித்தியாலம், தள்ளுபடி. மொத்தம் ஒரே ஓர் இரவு. 36ஐத் தாண்டி கிட்டத்தட்ட 17 மணித்தியாலம் மிச்சம் இருந்தும் இது நீள் ஓய்வு ஆகாது.

வியாழன் ரிப்போர்ட்டை 06:00க்குத் தள்ளினால் புதன் இரவு உயிர்பெறும். அல்லது திங்கள் கடமை 24:00க்குள் முடிந்திருந்தால் போதும். ஆகவே "ஓஃபை மாற்றித் தாருங்கள்" என்று கேட்பதை விட "வியாழன் பறப்பை ஒரு மணித்தியாலம் பிந்தியதாகத் தாருங்கள்" என்று கேட்பது பல நேரம் இலகுவாக நடக்கும்.

168 மணித்தியாலக் கணக்கை எப்படிப் போடுவது?

நாட்காட்டிக் கிழமையை மறந்துவிடுங்கள். நீள் ஓய்வு முடிந்த நிமிடத்தில் ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்குகிறது. அடுத்த நீள் ஓய்வு தொடங்கும் நிமிடத்தில் அது நிற்க வேண்டும்.

உங்கள் ஓய்வு திங்கள் 06:00 ரிப்போர்ட்டுடன் முடிந்தது என்று வைப்போம். அந்தக் கிழமை முடிவில் வரும் சனி, ஞாயிறு ஓஃப். அடுத்த கிழமை புதன், வியாழன் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாணம். சனி-ஞாயிறை அப்படியே புதன்-வியாழனுக்குத் தூக்கிப் போடலாமா? அப்படிச் செய்தால் செவ்வாய் இரவு 21:00 வரை வேலை. திங்கள் 06:00 முதல் மறு கிழமைச் செவ்வாய் 21:00 வரை 207 மணித்தியாலம். வரம்பு 168. நடக்காது.

நடக்கக்கூடிய வழி வேறு. ஞாயிறு ஓஃபை அப்படியே இருக்க விடுங்கள், சனியை மட்டும் புதனுக்குக் கொண்டுபோங்கள். அப்போது இரண்டு நிபந்தனைகள் வரும்: சனிக்கிழமைக் கடமை 21:30க்குள் முடிய வேண்டும், திங்கள் ரிப்போர்ட் 09:30க்கு முன் இருக்கக்கூடாது. இடையில் சரியாக 36 மணித்தியாலம், சனி இரவு, ஞாயிறு இரவு. திங்கள் காலை வழக்கம்போல 06:00 ரிப்போர்ட் என்றால் 32 மணித்தியாலம் 30 நிமிடம்தான் மிஞ்சும், எல்லாம் உடைந்துவிடும். வியாழன் ஓஃபுக்காக, அடுத்த கிழமைச் சனியின் ஓஃபை இழுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சனி-ஞாயிறு ஜோடியைப் பிரித்தபோது, மாதத்தில் இரண்டு தடவை வர வேண்டிய இரண்டு முழு நாள் ஓய்வில் ஒன்று போய்விட்டது. புதன்-வியாழன் சேர்ந்து வந்தால் அது திரும்பக் கிடைக்கிறது, ஆனால் செவ்வாய்க் கடமை நள்ளிரவைத் தொடாமல் முடிந்தால் மட்டும். அடுத்த கிழமை சனியை இழுத்ததால் அந்த ஜோடியும் பிரிந்துபோயிருக்கும். மாத முடிவில் இரண்டு ஜோடி மிஞ்சுகிறதா என்று எண்ணிவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஓஃப் நாளில் வேலை செய்யச் சம்மதித்தால் கடமை நேர வரம்புகள் தளருமா?

சம்மதமும் தளர்த்தாது, மேலதிகக் கொடுப்பனவும் தளர்த்தாது. எந்தத் தொடர்ச்சியான 7 நாளிலும் 60 கடமை மணித்தியாலம், 14 நாளில் 110, 28 நாளில் 190. பறப்பு நேரம் 28 நாளில் 100, நாட்காட்டி வருடத்தில் 900, எந்தத் தொடர்ச்சியான 12 மாதத்திலும் 1000. இவை உருளும் சாளரங்கள். இன்று சரியாக இருந்தது நாளை மீறலாம்.

ஒரு நாள் கூடுதலாக எடுத்தால் முதலில் இடிப்பது பெரும்பாலும் 60. ஆறு நாள், நாளுக்கு 9 மணி 30 நிமிடம் என்றால் 57 வந்துவிட்டது. சனிக்கிழமை சென்னைப் பறப்பு இரண்டு மணித்தியாலம் தாமதித்தால் 59. ஏழாம் நாள் வீட்டில் ஸ்டான்ட்பை (அழைத்தால் வரத் தயாராக இருத்தல்) வைத்தால் அதன் நேரத்தில் நாலில் ஒரு பங்கு கடமையாக எண்ணப்படும். 8 மணித்தியால ஸ்டான்ட்பைக்கு 2 மணித்தியாலம். மொத்தம் 61. விமான நிலையத்திலேயே ஸ்டான்ட்பை என்றால் முழு நேரமும் கடமை.

சிமுலேட்டர், வகுப்பு, மற்றவர் ஓட்டும் விமானத்தில் பயணியாக இடம் மாறுவது எல்லாமே கடமை நேரம். "அது பறப்பு இல்லையே" என்று விட்டுவிட்டு எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. இரத்மலானை விமான நிலையத்தில் ஓய்வு நாளில் பறப்புப் பயிற்சி கொடுப்பவர்கள் அதையும் தம் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். அந்த மணித்தியாலங்களும் சேரும்.

இரவுப் பறப்புகள் கூடினால் ஓஃப் நீளுமா?

நீளும், இதைப் பலர் கவனிப்பதில்லை. இரண்டு நீள் ஓய்வுகளுக்கிடையில் இரவுக் கடமை, அதிகாலைத் தொடக்கம், பிந்திய முடிவு ஆகியவை மொத்தம் நான்கு அல்லது அதற்கு மேல் வந்தால் இரண்டாவது நீள் ஓய்வு 36 அல்ல, 60 மணித்தியாலம். 02:00க்கும் 04:59க்கும் இடைப்பட்ட நேரத்தில் ஒரு நிமிடத்தைத் தொட்டாலும் அது இரவுக் கடமை. 05:30க்குப் புறப்படும் பறப்புக்கு 04:15 ரிப்போர்ட். எல்லோரும் அதைக் காலைப் பறப்பு என்பார்கள், விதி இரவுக் கடமை என்று பதியும்.

மத்திய கிழக்குக்கும் இந்தியாவுக்கும் இரவில் அதிகம் பறக்கும் நம் தளத்தில் மூன்று என்பது சாதாரணம். நண்பரின் அதிகாலைப் பறப்பு ஒன்றை மாற்றி எடுத்ததும் நான்காகிவிடும். வெள்ளி 21:00க்கு முடித்தால் ஞாயிறு 09:00க்குக் கிளம்பலாம் என்று நினைத்திருந்தவர் திங்கள் 09:00 வரை பறக்க முடியாது. அந்த ஞாயிறு பறப்புக்கு ஆள் தேடுவது ரோஸ்டர் பகுதியின் தலையில் விழும். அதனால்தான் "சும்மா ஒரு சென்னைதானே" என்ற மாற்றத்துக்கும் அவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

லண்டன் போய்வந்தபின் கிடைக்கும் ஓஃபை மாற்றலாமா?

அதைத் தொடாதீர்கள். கொழும்புக்கும் லண்டனுக்கும் கோடையில் 4 மணி 30 நிமிடம், குளிரில் 5 மணி 30 நிமிடம் வித்தியாசம். 4 முதல் 6 மணித்தியாலம் வரையான வித்தியாசத்துக்கு, முதல் ரிப்போர்ட்டிலிருந்து 72 மணித்தியாலத்துக்குள் திரும்பியிருந்தால் சொந்தத் தளத்தில் 2 உள்ளூர் இரவுகள். 72 அல்லது அதற்கு மேல் என்றால் 3. மெல்பேர்னும் இதே வரிசையில்தான் வரும். இது உடல் மணிக்கூட்டைத் திருப்பி வைப்பதற்கான ஓய்வு. ரோஸ்டரில் ஓஃப் என்று தெரிந்தாலும் பேரத்துக்குரிய பொருள் அல்ல.

இன்னொரு விமானியுடன் நேரடியாக மாறிக்கொள்வது என்றால் எதைப் பார்க்க வேண்டும்?

இருவரின் கணக்கும் தனித்தனியே தேற வேண்டும். உங்கள் பக்கம் சரியாக வந்து அவர் பக்கம் பிழைத்தால் மாற்றம் இல்லை. இருவரது கடந்த 28 நாளையும் வரவிருக்கும் 14 நாளையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கமாக எழுதுங்கள். திட்டமிட்ட நேரத்தை விட்டுவிட்டு உண்மையில் முடிந்த நேரத்தை எழுதுங்கள். ரோஸ்டரில் 22:40 என்று இருக்கும், உண்மையில் 00:15க்கு முடிந்திருக்கும்.

ஓய்வைத் தவிர்ந்த காரணங்களும் உண்டு. கப்டனுக்குக் கப்டன், முதல் அதிகாரிக்கு முதல் அதிகாரி, அதே விமான வகை. ஒரு விமான வகையை ஓட்டப் புதிதாகத் தகுதி பெற்ற இருவர் ஒரே காக்பிட்டில் அமரக்கூடாது. உங்கள் மாற்றம் அப்படியொரு சோடியை உருவாக்கலாம். சில விமான நிலையங்களுக்குத் தனித் தகுதி வேண்டும், கத்மண்டு அதற்கு நல்ல உதாரணம். விசா, மருத்துவச் சான்றிதழின் காலாவதி, 90 நாளில் மூன்று மேலெழுகை, மூன்று தரையிறக்கம் என்ற அண்மைய அனுபவ விதி ஆகியவற்றையும் பாருங்கள். அகலமான விமானங்களில் மாதத்துக்குச் சில செக்டர்களே (ஒரு மேலெழுகை முதல் தரையிறக்கம் வரையான பறப்புகள்) பறக்கும் முதல் அதிகாரி ஒரு பயணத்தை விட்டுக்கொடுத்தால் இந்த 90 நாள் வழுவிவிடும். பிறகு சிமுலேட்டருக்குப் போய்த்தான் மீட்க வேண்டும்.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள்: இருவர் பெயர், ஊழியர் இலக்கம், விடும் கடமை, எடுக்கும் கடமை, இரு பக்கத்து ஓய்வு மணித்தியாலங்கள், அதோடு ஒரு மாற்று யோசனை. மாற்று யோசனை இருக்கும் விண்ணப்பம் ரோஸ்டர் பகுதியில் சீக்கிரம் நகரும். வட்சப்பில் "ஓம், சரி" என்று யாரேனும் அனுப்பியது அனுமதி அல்ல. திருத்திய ரோஸ்டரில் உங்கள் பெயர் மாறும்வரை பழைய கடமை உங்களுடையதே.

எப்போது கேட்பது நல்லது?

ரோஸ்டர் வெளியாகும் முன். ஐரோப்பிய வழிகாட்டுதல் 14 நாளுக்கு முன் வெளியிடச் சொல்கிறது. வெளியாகு முன் கேட்டால் வெற்றுக் கட்டத்தில் ஒரு நிபந்தனை சேர்கிறது. வெளியான பின் கேட்டால் கட்டிய சுவரில் ஒரு கல்லை உருவுவது போல.

ஏப்ரல் 13, 14 சித்திரைப் புத்தாண்டு, தைப்பொங்கல், நல்லூர்த் தேர், போயா நாட்கள் எல்லாம் பஞ்சாங்கத்தில் முன்கூட்டியே தெரிபவை. இவற்றுக்கு ஓஃப் மாற்றத்தை நம்பாமல் வருடாந்த லீவில் போடுங்கள். ஓய்வு விதிக்குப் பண்டிகை தெரியாது, எல்லோரும் ஒரே நாளைக் கேட்பார்கள். மார்ச் 31 ஓஃபை ஏப்ரலுக்குத் தள்ளும்போது மார்ச் எண்ணிக்கை 7க்குக் கீழே விழுகிறதா என்றும் பாருங்கள். வருடக் கணக்கில் ஒன்றும் குறையாவிட்டாலும் மாதக் கணக்கு உடையும்.

வருடாந்த லீவைக் கிழமை ஓய்வாக எண்ணலாமா?

இது அயல்நாட்டில் பெரும் சண்டையான விடயம். இந்தியாவின் விமான ஒழுங்குமுறை இயக்குநரகம் கிழமை ஓய்வை 36இலிருந்து 48 மணித்தியாலமாக்கி, 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாகப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. லீவைக் கிழமை ஓய்வுக்குப் பதிலாக வைக்கக்கூடாது என்ற அறிவுறுத்தலும் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான பறப்புகளை இரத்துச் செய்யவே, டிசம்பர் 5 அன்று அந்த அறிவுறுத்தல் மீளப்பெறப்பட்டது.

உடலைப் பொறுத்தவரை லீவில் இருந்தவரும் தூங்கத்தான் செய்திருப்பார். விமானிகளின் ஆட்சேபம் வேறு: சம்பாதித்த லீவிலிருந்து சட்டப்படி எப்படியும் கிடைக்க வேண்டிய ஓய்வைக் கழித்துக்கொண்டால் மாதத்தில் உண்மையான ஓஃப் குறைகிறது. உங்கள் ஒப்பந்தத்தில் "லீவு ஓஃபுக்கு மேலதிகமானது" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

சென்னைக்கும் திருச்சிக்கும் பறப்பதால் இந்திய விதி எனக்குப் பொருந்துமா?

இல்லை. உங்கள் நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்த நாட்டின் விதியே பொருந்தும்.

ஓஃப் நாளில் க்ரூ கொன்ட்ரோல் (அன்றாடக் கடமைகளுக்கு ஆள் ஒழுங்கு செய்யும் பகுதி) அழைத்தால் எடுக்க வேண்டுமா?

ஓய்வு என்பது தொடர்ச்சியான, இடையூறற்ற, முன்கூட்டியே வரையறுத்த நேரம். கடமையும் ஸ்டான்ட்பையும் இல்லாத நேரம். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அது ஸ்டான்ட்பை ஆகிவிடும், அப்படியானால் ஓஃபாக எண்ண முடியாது. எடுத்தீர்கள், வேலைக்குச் சம்மதித்தீர்கள் என்றால் அந்த நிமிடமே மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் மறுபடி போடச் சொல்லுங்கள்.

ஓஃபுக்கு யாழ்ப்பாணம் போய்வருவது ஓய்வைப் பாதிக்குமா?

சட்டப்படி வீட்டிலிருந்து தளத்துக்கான பயணம் கடமை அல்ல. அது உங்கள் ஓய்விலிருந்து போகிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, அப்படியே காலை ரிப்போர்ட்டுக்குப் போனால் தாளில் இரண்டு இரவும் சரியாக இருக்கும், உடலில் ஒன்று காணாமல் போயிருக்கும்.

2009 பெப்ரவரி 12இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் எயார் 3407 விழுந்து 50 பேர் இறந்தபோது இந்த விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. முதல் அதிகாரி முந்திய இரவு சியாட்டிலில் இருந்து நெவார்க்குக்குப் பயணியாக வந்திருந்தார். அதன் பின்னரே அமெரிக்காவின் புதிய விதிகள் எழுதப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. அங்கே 168 மணித்தியாலத்துக்குள் தொடர்ந்து 30 மணித்தியாலம் விடுபட்டிருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து தளத்துக்கு வழக்கமாக 90 நிமிடத்துக்கு மேல் எடுத்தால் கிட்டத் தங்குமிடம் பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். வெள்ளவத்தையிலிருந்து அதிகாலையில் அதிவேகப் பாதையில் போனால் இந்தப் பிரச்சினை இல்லை. மாலை நெரிசலில் காலி வீதியைக் கடந்து பேலியகொடை போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். மாலை ரிப்போர்ட் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள். யாழ்ப்பாணம் போனால் பறப்புக்கு முந்திய இரவுக்கு முன் கொழும்பு வந்துவிடுவதுதான் சரியான ஏற்பாடு.

ஓஃபுக்கு முந்திய பறப்பு தாமதித்தால் என்ன ஆகும்?

ஓய்வு உண்மை நேரத்தில்தான் தொடங்கும். 23:20க்கு முடிய வேண்டியது 00:20க்கு முடிந்தால் முதல் இரவு போய்விடும், அதோடு நீள் ஓய்வும் போகலாம். அப்போது அடுத்த ரிப்போர்ட்டைப் பின்தள்ளுவது நிறுவனத்தின் வேலை. ஆனால் முதலில் கவனித்துச் சொல்ல வேண்டியவர் நீங்கள். இதைத் தவிர்க்க, ஓஃபுக்கு முந்திய கடமை 22:00க்குள் முடியும்படி கேளுங்கள். நள்ளிரவுக் கோட்டுக்கு இரண்டு மணித்தியால இடைவெளி இருந்தால் மழைக்காலத் தாமதத்தையும் தாங்கும்.

எல்லாக் கணக்கும் சரி, ஆனால் களைப்பாக இருக்கிறது. பறக்கலாமா?

கூடாது. களைப்பு என்று தெரிந்தாலோ சந்தேகித்தாலோ கடமையை ஏற்கக்கூடாது என்பது விமானிமேல் நேரடியாக உள்ள பொறுப்பு. களைப்பு அறிக்கை ஒன்றை அன்றே எழுதுங்கள். நீங்களே கேட்டு வாங்கிய மாற்றத்தால் வந்த களைப்பு என்றாலும் எழுதுங்கள். அந்த மாற்றத்தை அடுத்த தடவை அனுமதிக்கலாமா என்று தீர்மானிக்க அவர்களுக்கு அந்தத் தகவல் வேண்டும்.

மாற்றத்தின் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

நிறுவனம் ஒவ்வொருவரின் பறப்பு, கடமை, ஓய்வுப் பதிவுகளை 24 மாதம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் உங்களுக்குப் பிரதி தர வேண்டும். நீங்களும் பழைய ரோஸ்டர், விண்ணப்பம், திருத்திய ரோஸ்டர் மூன்றையும் சேர்த்து அதே 24 மாதம் வைத்திருங்கள். மென்பொருளில் கடைசி வடிவம் மட்டுமே தெரியும். ஓஃபை நீங்கள் கேட்டு மாற்றினீர்களா, அவர்கள் மாற்றினார்களா என்பது அதில் இருக்காது. இழந்த ஓஃபுக்கு ஈடாக இன்னொரு ஓஃப் கேட்கும் நாளில் அந்த வேறுபாடுதான் தேவைப்படும்.